அப்புச்சி போன எகானமியும் அம்மா போகப்போகும் எகானமியும்

திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது:

"எங்க அப்புச்சி, அதான் அம்மாவோட அப்பா, 1983ல கரூர்ல இருந்து படுக்கை விரிப்பு சாம்பிள் எடுத்துட்டு ஜெர்மனி போனவருங்க. அப்பல்லாம் சாதா டிக்கெட்லயே கால நீட்டிப் படுத்துட்டுப் போனேன், வெள்ளிக் கரண்டியில சோறு போட்டாங்கன்னு இன்னைக்கும் சொல்லுவாரு. இப்ப தங்கச்சி பேறுகாலத்துக்கு அப்பாவையும் அம்மாவையும் அமெரிக்கா அனுப்போணும். நெசமாவே அந்தக் காலத்து எகானமி அவ்வளவு சொகுசா இருந்துச்சுங்களா? இப்ப ஏன் இப்படி ஆயிருச்சு? இவங்களுக்கு எதைப் பார்த்து டிக்கெட் போடறதுங்க?"

அப்புச்சி பொய் சொல்லவில்லை தம்பி. ஆனால் அவர் படுத்துப் போனது ஒரு சீட்டில் இருக்காது. பெரிய விமானத்தின் நடு வரிசையில் காலியாகக் கிடந்த மூன்று நான்கு சீட்டுகளின் கைப்பிடிகளைத் தூக்கிவிட்டுப் படுத்திருப்பார். கூட்டம் இல்லாத மாதங்களில் அது சர்வசாதாரணம். கரண்டியும் எவர்சில்வராகத்தான் இருந்திருக்கும். பிளாஸ்டிக்கைப் பார்த்துப் பழகிய பிறகு நினைவில் அது வெள்ளியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அவினாசி ரோட்டில் ரொம்ப வருஷம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். நான் பார்த்த வரையில் எகானமியில் இருந்த சொகுசு எங்கேயும் தொலைந்து போகவில்லை. விமானத்தின் முன்பக்கத்துக்கு நகர்ந்து, துண்டு துண்டாக விலை போட்டு விற்பனைக்கு வந்துவிட்டது. பின்னால் மிஞ்சிய இடத்தில் சீட்டு நெருங்கியது உண்மை. அதே இடத்தில் காற்று, சத்தம், நேரம், பாதுகாப்பு எல்லாம் மேம்பட்டதும் உண்மை. எது எவ்வளவு மாறியது என்று பிரித்துப் பார்த்தால்தான் அம்மாவுக்காக எதில் காசு போடலாம், எதில் போடவேண்டாம் என்று தெரியும்.

முதலில் அளவு. விமானச் சீட்டுக்கு இரண்டு அளவு உண்டு. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தை 'பிட்ச்' என்பார்கள். இதை முழங்காலுக்குக் கிடைக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். சீட்டு முதுகின் கனமும் இதற்குள்தான் அடக்கம். இன்னொன்று அகலம், அதாவது இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவில் உள்ள இடம்.

1970களின் ஜெட் விமானங்களில் எகானமி பிட்ச் 34 அங்குலம் வாக்கில் இருந்தது. இன்று நெடுந்தூரம் பறக்கும் பெரிய கம்பெனிகளில் 31, 32 அங்குலம். மலிவுக் கட்டண விமானங்களில் 28 முதல் 30. கேட்டவுடன் நாலைந்து அங்குலம் போய்விட்டதே என்று தோன்றும். ஆனால் அன்றைய சீட்டின் முதுகு மெத்தை வைத்த நாற்காலி மாதிரி தடியானது. இன்றைய சீட்டின் முதுகு ஒல்லி. பத்திரிகை வைக்கும் பையைக்கூட முழங்கால் மட்டத்திலிருந்து மேலே தூக்கிவிட்டார்கள். அதனால் முழங்காலுக்குப் போன இழப்பு எண்ணில் தெரிவதைவிடக் குறைவு. உண்மையில் போனது பஞ்சு. கோவை பீளமேடு விமான நிலையத்தில் ஏறி ஒரு மணி நேரத்தில் சென்னையில் இறங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது. நாலு மணி நேரம் தாண்டினால் இடுப்பெலும்பு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும்.

அகலத்தின் கதை வேறு. இதில் பொதுவாகச் சொல்லப்படுவது பாதி தப்பு. 1958ல் சேவைக்கு வந்த போயிங் 707ன் உடம்பு அகலத்தைத்தான் பின்னால் வந்த 737ம் எடுத்துக்கொண்டது. அன்றும் வரிசைக்கு 6 பேர், இன்றும் 6 பேர், சீட்டு 17 அங்குலம். 1988ல் வந்த ஏர்பஸ் ஏ320ன் உடம்பு அதைவிடச் சற்று அகலம் என்பதால் சீட்டு 18 அங்குலம். ஆக, ஒற்றை நடைபாதை உள்ள சின்ன விமானங்களில் 60 வருஷமாக அகலம் குறையவே இல்லை, சிலவற்றில் ஓர் அங்குலம் கூடியும் இருக்கிறது.

குறைந்தது இரட்டை நடைபாதை உள்ள பெரிய விமானங்களில். போயிங் 747 வந்தபோது எகானமியில் வரிசைக்கு 9 பேர். சில வருஷத்தில் 10 ஆக்கினார்கள். டிசி-10 என்ற விமானத்தில் 8 பேர் 9 ஆனார்கள். போயிங் 777ஐ 9 பேருக்கென்று விற்றார்கள், இன்று உலகத்தில் பெரும்பாலான கம்பெனிகள் அதில் 10 பேரை உட்கார வைக்கின்றன. 787 வரைபடத்தில் 8 பேருக்கு வசதியாக இருந்தது, ஜப்பான் ஏர்லைன்ஸைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் 9 போட்டுவிட்டார்கள். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் மார்க்கர், அதாவது துணி வெட்டும் வரைபடம் போடும்போது அதே துணி அகலத்தில் இன்னொரு கை, இன்னொரு காலர் நுழையுமா என்று பார்க்கிறாரே, அதே வேலைதான். துணிக்கு முழங்கை கிடையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இனி அந்தக் காலத்துக்கு வருவோம். எகானமி என்ற வகுப்பே ஒரு சிக்கனத் திட்டமாகத்தான் பிறந்தது. 1952ல் அட்லாண்டிக் பாதையில் 'டூரிஸ்ட்' வகுப்பு வந்தது. 1958ல் அதற்கும் கீழே எகானமி. கட்டணத்தை ஐயாட்டா என்ற சர்வதேச விமானக் கம்பெனிகள் சங்கம் கூடிப் பேசி முடிவு செய்யும். எல்லோரும் ஒரே விலை. விலையில் போட்டி போடக் கூடாது என்பதால், எகானமிப் பயணிக்கு சூடான சாப்பாடு கிடையாது, எளிமையான சாண்ட்விச் மட்டும்தான் என்று அதையும் விதியாக எழுதினார்கள். ஸ்காண்டிநேவியக் கம்பெனியான எஸ்ஏஎஸ் என்ன செய்தது தெரியுமா? ஒரு ரொட்டித் துண்டின் மேல் இறைச்சி, மீன், காய் என்று கோபுரமாக அடுக்கி 'இதுவும் சாண்ட்விச்தான்' என்றது. அமெரிக்கக் கம்பெனியான பான் ஆம் புகார் கொடுத்தது. 1958ன் 'சாண்ட்விச் சண்டை' என்று விமானத் துறையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்தச் சண்டையில்தான் அந்தக் காலத்துச் சொகுசின் ரகசியம் இருக்கிறது. விலையைக் குறைத்து ஆள் பிடிக்க வழியில்லாதபோது, சோறு போட்டும் இடம் விட்டும்தான் ஆள் பிடிக்க முடியும். அமெரிக்காவுக்குள்ளும் அப்படித்தான், கட்டணத்தை அரசு வாரியம் நிர்ணயித்தது. கம்பெனிகள் பணிப்பெண்ணின் உடையிலும், உணவிலும், சீட்டின் இடைவெளியிலும் மோதிக்கொண்டன.

பழைய படங்களில் ஒன்று அடிக்கடி சுற்றி வரும். விமானத்துக்குள் பியானோ, சுற்றிலும் நின்று பாடும் பயணிகள். இது முதல் வகுப்பாகத்தான் இருக்கும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். இல்லை. 1971ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 747களில் எகானமியின் கடைசிப் பகுதியில் சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு லவுஞ்ச் அமைத்து அங்கே எலெக்ட்ரிக் பியானோ வைத்தது. பெருந்தன்மையால் வைக்கவில்லை. 747 அதற்கு முந்தைய விமானங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. 1970 ஜனவரியில் பான் ஆம் முதல் சேவையைத் தொடங்கியபோது அமெரிக்கப் பொருளாதாரம் மந்தத்தில் இருந்தது. சீட்டு விற்கவில்லை. விற்காத சீட்டைக் கழற்றிப் போட்டு பியானோ வைத்தால் அடுத்த கம்பெனியிடமிருந்து நாலு பயணியாவது வருவார்கள் என்ற கணக்குதான். 1973ல் எண்ணெய் விலை ஏறியதும் கணக்கு மாறியது. கொஞ்ச நாளில் பியானோ இருந்த இடத்தில் சீட்டுகள் திரும்பி வந்தன.

1970களில் அமெரிக்க உள்நாட்டு விமானங்கள் சராசரியாகப் பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்பின. இன்று 80 சதவீதத்துக்கு மேல். என்னைக் கேட்டால், அரை நூற்றாண்டில் எகானமிப் பயணி இழந்தவற்றில் பெரியது இதுதான். பிட்ச்சில் போன 2 அங்குலத்தைவிட, பக்கத்தில் காலியாக இருந்த 17 அங்குலம் பெரிது. யாரும் அதை விளம்பரப்படுத்தவும் இல்லை, காசு வாங்கவும் இல்லை, அதனால் போனதும் தெரியவில்லை. இன்று கம்ப்யூட்டர் கடைசி சீட்டு வரை விலையை ஏற்றி இறக்கி விற்றுவிடுகிறது.

அடுத்த திருப்பம் 1978. அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதற்கு முந்தைய வருஷமே லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டுக்கு ஃப்ரெடி லேக்கர் என்பவர் 'ஸ்கைட்ரெய்ன்' ஓட்டிக் காட்டியிருந்தார், சாப்பாடு வேண்டுமென்றால் காசு. கட்டணம் இறங்கத் தொடங்கியது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் அமெரிக்க உள்நாட்டுக் கட்டணம் அதன்பிறகு ஏறக்குறைய பாதியாகியிருக்கிறது.

கூடவே ஒரு சங்கடமும் வந்தது. கம்பெனிக் காசில் முழுக் கட்டணம் கொடுத்துப் பறக்கும் வியாபாரி ஒரு சீட்டில், பாதி விலைக்கு வாங்கிய சுற்றுலாப் பயணி பக்கத்துச் சீட்டில், இரண்டு பேருக்கும் அதே சாப்பாடு. வியாபாரி முணுமுணுத்தார். அவருக்காக எகானமியின் முன்பகுதியைத் தடுத்து, 1978, 79ல் பான் ஆம், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ் எல்லாம் பிசினஸ் வகுப்பைக் கொண்டு வந்தன. ஆரம்பத்தில் அது பெரிய ஆடம்பரம் இல்லை. அதே மாதிரி சீட்டு, கொஞ்சம் நல்ல சாப்பாடு, தனித் திரைச்சீலை. ஆனால் அந்தத் திரை விழுந்ததோடு, குறை சொன்னால் கம்பெனி காது கொடுத்துக் கேட்கும் பயணி எகானமியை விட்டுப் போய்விட்டார். மிஞ்சியவர்கள் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள். அவர்களுக்கு ஏற்ற மாதிரிதான் அதன்பிறகு சீட்டு தைக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தைவானின் ஈவா ஏரும் வர்ஜின் அட்லாண்டிக்கும் பிரீமியம் எகானமியைக் கொண்டு வந்தன. 38 அங்குலம் பிட்ச், வரிசைக்கு ஆள் குறைவு. விலையையும் வசதியையும் சேர்த்துப் பார்த்தால் அப்புச்சி போன எகானமிக்கு இன்றைய சரியான வாரிசு அதுதான்.

நம்ம ஊரில் இந்தக் கதை அப்படியே நடக்கவில்லை. 1953ல் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையானதிலிருந்து உள்நாட்டில் ஏறக்குறைய இந்தியன் ஏர்லைன்ஸ் மட்டும்தான். காலி சீட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. டிக்கெட்டில் 'ஓகே' என்று எழுதி வாங்குவதே ஒரு சாதனை, இல்லாவிட்டால் காத்திருப்போர் பட்டியல். சிவப்பு கார்பன் தடவிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும் பயணத்தை முன்கூட்டியே போன் போட்டு மறுபடி உறுதி செய்ய வேண்டும், மறந்தால் சீட்டு போய்விடும். 2008 ஜூனில் ஐயாட்டா காகித டிக்கெட்டையே ஒழித்துவிட்டது. வசதியைப் பற்றிப் பேசும்போது இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விமானத்தில் ஏறுவதற்கு முன் பட்ட பாடும் பயணத்தில் சேர்ந்ததுதானே?

பீளமேடு விமான நிலையம் 1940ல் திறந்தது. பல காலம் அங்கே வந்தவை டகோட்டா, ஃபோக்கர் ஃபிரண்ட்ஷிப், ஆவ்ரோ ஆகிய காற்றாடி விமானங்கள். ஆவ்ரோவை நம் நாட்டிலேயே கான்பூரில் ஹால் என்ற இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கட்டியது. டகோட்டாவுக்குள் காற்றழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது, அதனால் மேகத்துக்கு மேலே ஏற முடியாமல் மேகத்துக்குள்ளேயே குலுங்கிக்கொண்டு போகும். ஃபோக்கரிலும் ஆவ்ரோவிலும் காற்றழுத்தம் உண்டு, ஆனால் இரண்டிலும் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் எஞ்சினின் கிரீச்சென்ற ஊளைச் சத்தம் இறங்கிய பிறகும் காதில் நிற்கும். ஏறும்போது காதுக்குப் பஞ்சும் வாய்க்கு மிட்டாயும் தட்டில் வைத்து நீட்டுவார்கள். அதை உபசாரம் என்று இன்று ஆசையாக நினைவு வைத்திருக்கிறோம். காது அடைப்பதற்கும் சத்தத்துக்கும் கொடுத்த மருந்து அது. 1980களின் தொடக்கத்தில் ஓடுபாதையை நீட்ட நிலையத்தை மூடியபோது விமானங்கள் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து போய்வந்தன. 1987ல் திரும்பத் திறந்த பிறகுதான் பீளமேட்டில் பெரிய ஜெட்டுகள் இறங்கின. ஆக 1983ல் உங்கள் அப்புச்சி பம்பாய் போய்ச் சேர்வதற்குள் பட்ட அலுப்பையும் அவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

1994ல் ஏகபோகச் சட்டம் நீங்கியது. 2003ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான், 2006ல் இண்டிகோ. சோற்றுக்குக் காசு, தண்ணீருக்குக் காசு என்று அன்று கேலி பேசினோம். அதே சமயம் அதுவரை விமானத்தையே அண்ணாந்து மட்டும் பார்த்த சோமனூர் விசைத்தறிக்காரரும் பொள்ளாச்சி தேங்காய் வியாபாரியும் உள்ளே ஏறியது அப்போதுதான். 2023ல் நாட்டுக்குள் பறந்தவர்கள் 15 கோடிக்கு மேல். 34 அங்குலம் விட்டு உட்கார வைத்திருந்தால் இதில் எத்தனை பேருக்கு டிக்கெட் கட்டுபடியாகியிருக்கும்?

மலிவுக் கம்பெனியின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஏ320ல் 30 வரிசை, 180 சீட்டு. வரிசைக்கு ஓர் அங்குலம் எடுத்தால் 30 அங்குலம் மிச்சம். அது முழுசாக இன்னொரு வரிசை, 6 சீட்டு. பின்பக்கக் கழிவறையையும் சமையலறையையும் நெருக்கி வைத்தால் 186 சீட்டு வந்துவிடும். 50 சீட்டுக்கு ஒரு பணியாளர் என்பது விதி. 180க்கும் 4 பேர், 186க்கும் அதே 4 பேர். எரிபொருள் கொஞ்சம்தான் கூடும், தரையிறங்கும் கட்டணம் கிட்டத்தட்ட அதேதான். அந்த 6 சீட்டில் வருவது பெரும்பாலும் லாபம். நாளைக்கு ஐந்தாறு தடவை பறக்கிற விமானத்தில் வருஷம் முழுக்க இதைப் பெருக்கிப் பாருங்கள், ஓர் அங்குலத்தின் விலை புரியும். கழிவறை ஏன் சின்னதாகிக்கொண்டே போகிறது என்பதற்கும் இதுவே பதில். அதே இண்டிகோ 2024ல் டெல்லி-மும்பைத் தடத்தில் முன்வரிசைகளில் பெரிய சீட்டுகளைப் போட்டுத் தனி விலைக்கு விற்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1978ல் நடந்தது இங்கே இப்போது நடக்கிறது.

இந்த நெருக்கத்துக்குச் சட்டம் ஏதும் எல்லை போடவில்லையா என்று கேட்கலாம். விமானத்தில் உள்ள எல்லோரும் பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடியில் வெளியேற முடிய வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள சோதனை. பிரிட்டன் 1989ல் குறைந்தபட்சம் 26 அங்குலம் என்று ஒரு விதி போட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 2018ல் சீட்டு அளவுக்குக் கீழ்வரம்பு வகுக்கச் சொல்லிச் சட்டம் இயற்றியது. இவையெல்லாம் தப்பிக்கும் வழியைப் பற்றியவை. இடுப்பு வலியைப் பற்றி எந்தச் சட்டமும் கவலைப்படவில்லை.

மேம்பட்டதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கிழவன் புலம்பலாகிவிடும். முதலாவது புகை. அப்புச்சி காலத்தில் விமானத்துக்குள் சிகரெட் பிடிப்பார்கள். பின்வரிசைகள் புகைப்பவர்களுக்கு, முன்வரிசைகள் மற்றவர்களுக்கு. நடுவில் சுவர் ஏதும் கிடையாது. எல்லைக் கோட்டு வரிசையில் சீட்டு விழுந்தால் ஜெர்மனி வரை ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான். 1992ல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 1996 ஜூலைக்குள் இதை நிறுத்தச் சொல்லி எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது, படிப்படியாக ஒழிந்தது. ஆஸ்துமா உள்ள ஒருவருக்கு இந்த ஒரு மாற்றத்துக்கு எத்தனை அங்குலம் ஈடு?

இரண்டாவது காற்று. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே உள்ள அழுத்தம் சுமார் 8,000 அடி மலைமேல் நிற்பதற்குச் சமமாக வைக்கப்படும். ஊட்டியே 7,300 அடி சொச்சம்தான். இதய நோய், ரத்தசோகை உள்ள வயதானவர்களுக்கு அந்த உயரத்தில் பல மணி நேரம் இருப்பது களைப்பு. 787, ஏ350 இரண்டும் உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் கலவையால் ஆன உடம்பு என்பதால் உள்ளே 6,000 அடி அளவுக்கு அழுத்தம் வைக்க முடிகிறது. துருப்பிடிக்கும் பயம் இல்லாததால் ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதல். தொண்டை வறட்சியும் தலைவலியும் குறைகிறது என்று போய்வந்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

சத்தமும் நன்றாகக் குறைந்துவிட்டது. சீட்டின் முதுகில் திரை பரவலாக வந்தது 1990களில். அதற்கு முன் ஸ்டெதாஸ்கோப் மாதிரி வெறும் ரப்பர் குழாயைக் காதில் செருகி, எல்லோரும் ஒரே திரையில் ஒரே படம். சீட்டின் பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பழைய தடித்த சீட்டு 9ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 9 மடங்கு அதிர்ச்சியைத் தாங்கினால் போதும், இன்றைய ஒல்லி சீட்டு 16ஜி தாங்கியாக வேண்டும். 1980களின் நடுவிலிருந்து மெத்தைக்குத் தீ எளிதில் பற்றாத உறையும் கட்டாயம்.

நேரத்தில் மட்டும் லாபமும் நஷ்டமும் கலந்திருக்கிறது. 1948ல் ஏர் இந்தியா பம்பாயிலிருந்து லண்டன் போக கெய்ரோ, ஜெனீவா என்று இறங்கி ஏறியது. இன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரே மூச்சில் 15, 16 மணி நேரம். இறங்கி ஏறும் தொல்லை போய், எழுந்திருக்காமல் கால் வீங்கும் தொல்லை வந்திருக்கிறது.

இப்போது அப்பா அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

இவ்வளவு நீளப் பயணத்துக்குக் கம்பெனியின் பெயரைவிட விமானத்தின் வகையைப் பாருங்கள். டிக்கெட் போடும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். 777 என்றால் வரிசைக்கு 9 பேரா 10 பேரா என்று பாருங்கள். அதே விமானத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 9 பேரை உட்கார வைக்கிறது, எமிரேட்ஸ் 10 பேரை. ஏ350ல் 9 பேர் என்றால் தாராளம், ஏ380ம் தாராளம்தான். 787ல் காற்று நன்றாக இருக்கும், தோள் இடிக்கும். ஏ330 கிடைத்தால் விடாதீர்கள். அது பழைய விமானம்தான், ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் 2-4-2 என்ற அமைப்பு. ஜன்னல் ஓரத்து இரண்டு சீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும், அந்நியரைத் தாண்டிக் கழிவறைக்குப் போகவேண்டிய சங்கடம் இல்லை. 10 மணி நேரத்துக்கு மேல் என்றால் பிட்ச்சைவிட அகலமும் நடைபாதைச் சீட்டும்தான் முக்கியம் என்பது என் அனுபவம். நம்ம வீட்டுப் பெரியவர்கள், அதிலும் அம்மாக்கள், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலேயே போய்ச் சேர்வார்கள். அதுதான் கால் வீக்கத்துக்கும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதற்கும் வழி. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் கேட்டு இறுக்கமான காலுறை வாங்கிக் கொடுங்கள்.

சீட்டுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கழிவறையை ஒட்டிய கடைசி வரிசையைத் தவிருங்கள், பல விமானங்களில் அது சாயாது. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் கால் நீட்டலாம் என்று ஆசைப்பட்டால், தொட்டில் மாட்டுவதும் அங்கேதான், கைப்பிடியும் தூக்க வராது. அவசரக் கதவு வரிசை வயதானவர்களுக்குத் தர மாட்டார்கள். பிரீமியம் எகானமி இரண்டு பேருக்கும் முழுப் பயணத்துக்கும் கட்டுபடியாகாவிட்டால் நீளமான துண்டுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் வரையிலோ வளைகுடா வரையிலோ உள்ள நாலு மணி நேரத்துக்கு அது வீண் செலவு.

வழியைப் பொறுத்தவரை, திருப்பூர்க்காரர்கள் பாதிப்பேர் கொச்சிக்குக் காரில் போய் அங்கிருந்து ஏறுகிறார்கள். டிக்கெட் விலையில் மிச்சம் இருக்கலாம். ஆனால் வாளையாறு வழியாக நாலஞ்சு மணி நேரம் ராத்திரியில் காரில் உட்கார்ந்துவிட்டு, விடியற்காலை விமானத்துக்காக மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டுத்தான் நீளப் பயணமே தொடங்கும். அறுபது தாண்டியவர்களுக்கு நான் பீளமேட்டிலிருந்தே ஒரே டிக்கெட்டில் போகும்படி பார்ப்பேன், சிங்கப்பூர் வழியோ டெல்லி, மும்பை வழியோ. ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்.

சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குறைந்தது ஒரு நாள் முன்னால். 'ஏவிஎம்எல்' என்று குறிப்பிட்டால் நம்ம பக்குவத்துக்குக் கிட்டத்தட்ட வரும் சைவச் சாப்பாடு, மற்றவர்களுக்கு முன்னாலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அசைவம் சாப்பிடுகிறவர் ஆனால் மாட்டுக்கறி கலந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் 'எச்என்எம்எல்' என்று கேளுங்கள்.

கடைசியாக வீல்சேர். கால் நன்றாக இருக்கிற பெரியவர்களுக்கும், இங்கிலீஷ் பேச வராது என்பதற்காகவே பிள்ளைகள் வீல்சேர் போட்டுவிடும் வழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக உண்டு. கட்டணம் இல்லை, கேட்டை யாராவது காட்டிக் கூட்டிப்போவார்கள், குடியேற்ற வரிசையில் நிற்கவேண்டியதில்லை. சிரமம் புரிகிறது. ஆனால் உண்மையிலேயே நடக்க முடியாதவர்கள் அதே நாற்காலிக்காக விமான வாசலில் காத்துக் கிடக்கிறார்கள், சில விமானங்களில் டஜன் கணக்கில். அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் தாராளமாகப் போடுங்கள். மொழி மட்டும்தான் பிரச்சினை என்றால் டிக்கெட்டிலேயே 'வழிகாட்ட ஆள் வேண்டும்' என்று தனியாகக் குறிக்கச் சொல்ல முடியும், பல கம்பெனிகள் செய்து தருகின்றன. தங்கச்சியின் முகவரியையும் போன் நம்பரையும் தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் ஒன்று, அப்பாவின் சட்டைப் பையில் ஒன்று வைத்துவிடுங்கள். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து போனாலும் அது இருக்கும்.